தடைக்காலத்திலும் நாறிய வாய்

எங்கள் பூனையின் வாய் நாறுகிறது என்று நான் முதலில் சொன்னது பொங்கல் சமயத்தில். மடியில் படுத்திருந்தவள் கொட்டாவி விட்டாள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிளிஞ்சல்மேட்டில், விசைப்படகில் கடலுக்குப் போகிறவர் வீட்டில், பூனை வாய் நாறுவதெல்லாம் ஒரு செய்தியா?

"படகடியில கெடக்குற மீன் குடலத் தின்னுட்டு வர்றவ வாயி மல்லிப்பூவாட்டமா மணக்கும்?" என்றார் அப்பா. நானும் சிரித்தேன். மூன்று மாதம் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. விசைப்படகுகளைக் கட்டிப்போட்டார்கள். வீட்டுக்கு மீன் வருவது நின்றது. பூனைக்கும் எங்களோடு சேர்ந்து பத்தியம், வேளைக்குப் பால்சோறு. பதினைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம் என் முகத்தருகே வந்து முகர்ந்தாள். அதே நாற்றம். இல்லை, முன்னைவிட மோசம். அப்போதுதான் உறைத்தது: பதினைந்து நாளாக மீனே படாத வாயில் மீன் நாற்றம் எங்கிருந்து வரும்?

உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு முழுக்க ரத்தச் சிவப்பு. கடைவாய்ப் பற்களில் பழுப்பாகக் காரை. ஒரு பக்கம் எச்சில் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. தட்டில் பாலை மட்டும் நக்கிவிட்டுச் சோற்றை அப்படியே விட்டிருந்தாள். தினமும் தட்டு காலியாகிறது என்று நிம்மதியாக இருந்தோமே, அதைக் காலி பண்ணியது பக்கத்து வீட்டுக் கோழிகள்.

எனக்கு எதையும் உடனே செய்துவிட வேண்டும். படிப்பது விலங்கியல், இரண்டாமாண்டு. அந்தத் திமிர் வேறு. செல்போனில் நாலு வரி படித்தேன், ஐந்தாவது வரிக்குப் பொறுமையில்லை. பல்வலி வந்தால் அம்மா வைத்துக்கொள்ளும் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டு, அவளைத் துண்டில் சுற்றிப் பிடித்து, ஈறில் வைத்து அழுத்தினேன். அப்படி ஒரு அலறலை அவளிடம் நான் கேட்டதே இல்லை. என் மணிக்கட்டைக் கீறிக்கொண்டு கட்டிலுக்கடியில் ஓடினாள். சாயங்காலம் வாயில் நுரை. நடந்தால் பின்னங்கால் தள்ளாடியது.

மறுநாள் காலை மீன் கூடையில் அவளை வைத்து, மேலே வலைத்துண்டைக் கட்டி, காரைக்காலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கால்நடை மருத்துவர் வாயைத் திறந்த உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்ன வைத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலாம்.

"கிராம்புத் தைலம் பூனைக்கு விஷம்மா. நல்ல வேளை, கொஞ்சந்தான் உள்ள போயிருக்கு."

நுரைக்கு ஊசி போட்டார். ஆனால் ஈறுக்குள் சீழ் கோத்திருக்கிறது, மயக்க மருந்து கொடுத்துப் பல்லைப் பிடுங்க வேண்டும், அதற்கு வெளியூர்தான் போக வேண்டும் என்றார். பூனை நாலு நாள் பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டுவிடும், அதனால் தள்ளிப்போடாதீர்கள் என்றும் சொன்னார். அன்றைக்கே பஸ் ஏறினோம். ஒன்பது பற்கள் போயின. இனி அவளாகச் சாப்பிட்டால்தான் பிழைப்பாள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவள் எதையும் தொடவில்லை. ஊசிக்குழாயில் கஞ்சி விட்டால் பாதி வெளியே வழிந்தது. தூக்கினால் கையில் எலும்புதான் தட்டுப்பட்டது. மூன்றாம் நாள், மல்லிப்பூவாட்டமா மணக்கும் என்று கேட்ட அப்பா, பக்கத்து ஊரான கோட்டுச்சேரிமேட்டுக்கு நடந்தார். தடைக்காலத்திலும் கரையோரம் போய்வரும் சின்னப் படகுக்காரர்களிடம் கேட்டு ரெண்டு கிழங்கா மீன் வாங்கி வந்தார். அம்மா அதை அவித்து, முள்ளெடுத்து, கூழாகப் பிசைந்தாள். நான் தட்டை வாங்கிக் கட்டிலுக்கடியில் நீட்டினேன். உள்ளே கிடந்தவள் என் கையைப் பார்த்தாள். சுவரோடு சுவராகப் பின்னால் ஒட்டிக்கொண்டாள்.

இன்னும் கொஞ்சம் நீட்டினேன். உடம்பு நடுங்கியது அவளுக்கு.

"நீ செத்த நேரம் வெளிய போ" என்றாள் அம்மா. "ஒன்னப் பாத்தா அவ திங்கமாட்டா."

கொல்லையில் போய் நின்றேன். மணல் காலைச் சுட்டது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்க்கலாமா என்று நாலு தடவை கதவு வரைக்கும் போய்த் திரும்பினேன். கடைசியில் அம்மாவின் குரல், மிக மெல்ல:

"நக்குறாடி. உள்ள வந்துடாத."

நான் போகவில்லை.