நூற்றுக்கு நூற்றுப் பதினாறு

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு என்னைத் தெரியும். காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சர். ஒற்றுப்பிழை கண்டுபிடிப்பதில் புலி. அந்தப் புலி போன மாதம் கணக்கில் பிழை கண்டுபிடிக்கக் கிளம்பியது...

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் இருந்தால் இன்னும் கூச்சமாக இருக்கும்.

காலாண்டுப் பரீட்சையில் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த கணக்குப் பேப்பர் படுகஷ்டம். பாதி வகுப்புக்கு மேல் ஃபெயில். பேப்பர்களைத் திருத்திப் பிள்ளைகளிடம் கொடுத்த பிறகு, ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு வழி சொன்னார். எல்லாருடைய மார்க்கையும் பாதியாக்குங்கள், அதோடு முப்பது கூட்டுங்கள். பத்து வாங்கியவளுக்கு ஐந்தும் முப்பதும் முப்பத்தைந்து — பாஸ்! நிறைய வாங்கியவர்களுக்குக் கொஞ்சம் குறையும். பரவாயில்லை, வரிசை மாறாது.

கணக்கு டீச்சர் சரளா அப்படியே செய்து, புது மார்க் லிஸ்டை என்னிடம் கொடுத்தார். நான்தான் அந்த வகுப்புக்குக் கிளாஸ் டீச்சர். ப்ராக்ரஸ் கார்டு எழுதுவது என் வேலை.

லிஸ்டில் முதல் மார்க் எழுபத்து மூன்று. எஸ்தர்.

அடுத்தது ஐம்பத்தொன்பது. கோகிலா.

பேனா அங்கேயே நின்றுவிட்டது. எஸ்தரா?

எஸ்தர் செவிலிமேட்டுக்கும் அப்பால் ஒரு காலனியிலிருந்து வருகிற பெண். அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். கோகிலா பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருப் பெண். அழகான கையெழுத்து, கணீரென்று பதில். செங்கற்பட்டில் நடக்கப்போகிற கணக்குப் போட்டிக்குப் பள்ளிக்கு ஒரு இடம்தான். அது கோகிலாவுக்குத்தான் என்று அவள் அம்மாவிடம் நானே சொல்லியும் வைத்திருந்தேன்.

சரளா ஜூனில் வந்தவர். டெம்பரரி போஸ்ட். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர். எஸ்தர் வீட்டிலும் அதே சர்ச்தான். போதாதா? சந்தேகத்துக்கு இதைவிடக் குறைவான தீனியே போதும்.

எஸ்தரைக் கூப்பிட்டேன்.

"உன் பேப்பர்ல எவ்வளவு மார்க் போட்டிருந்தாங்க?"

"எண்பத்தாறு டீச்சர்."

"பேப்பரைக் கொண்டா, பாக்கலாம்."

தலையைக் குனிந்துகொண்டாள். "இல்ல டீச்சர்..."

"இல்லன்னா?"

விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அது போதுமான பதிலாக இருந்தது.

அன்று மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து நானே கணக்குப் போட்டேன். பாதியாக்கி முப்பது கூட்டினார்கள். அப்படியானால் திரும்பிப் போக இரண்டால் பெருக்கி முப்பது கழிக்க வேண்டும். எழுபத்து மூன்றை இரண்டால் பெருக்கினால் நூற்று நாற்பத்தாறு. முப்பது போனால்...

நூற்றுப் பதினாறு!

நூற்றுக்கு நூற்றுப் பதினாறு எந்த ஊரில் போடுகிறார்கள்? இல்லாத மார்க்கை இஷ்டத்துக்கு எழுதி மாட்டிக்கொண்டார் சரளா என்று தீர்மானித்துவிட்டேன். விடைக்கு அடியில் இரண்டு கோடு இழுத்தேன். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம், வேறென்ன?

கோகிலாவின் மார்க்கை அதே வழியில் போட்டுப் பார்த்தேனா? இல்லை. போட்டிருந்தால் எண்பத்தெட்டு வந்திருக்கும். அவள் பேப்பரில் இருந்தது ஐம்பத்தெட்டு. அவளே என்னிடம் காட்டியிருந்தாள். ஆனால் கோகிலாவை யார் சந்தேகப்பட்டார்கள்?

நேராக ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குப் போனேன். சரளாவையும் வரச் சொன்னார்கள்.

"என்னம்மா இது? நூத்துப் பதினாறுன்றாங்க. உன் எக்ஸ்டென்ஷன் பேப்பர்ல நான் இன்னும் கையெழுத்துப் போடல, தெரியுமில்ல?" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

சரளா தன் மார்க் நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். எஸ்தர் — 86 என்று இருந்தது.

"நோட்டும் அவங்க எழுதினதுதானே?" என்றேன் நான். இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அப்போது நாக்கு கூசவில்லை.

சரளா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"டீச்சர், பானு வெள்ளை பேப்பர் குடுத்தது உங்களுக்குத் தெரியும். அன்னிக்கு ஹால்ல நீங்கதான் சூப்பர்விஷன். ஒரு வரிகூட எழுதல."

"தெரியும்."

"லிஸ்ட்ல அவளுக்கு எவ்ளோ?"

பார்த்தேன். "முப்பது."

"உங்க கணக்குப்படியே திரும்பிப் போங்க."

அறுபது. முப்பது கழித்தால்... முப்பது.

"வெறும் பேப்பருக்கு முப்பது மார்க் போட்டேனா டீச்சர்?"

ஹெட்மிஸ்ட்ரஸ் பென்சிலை எடுத்து அவரே ஒருமுறை போட்டுப் பார்த்தார். அவருக்கும் முப்பதுதான் வந்தது.

"அப்போ எங்க தப்பு?" என்றார்.

"வரிசையில மேடம். எஸ்தர் காலையில செவிலிமேடு வரைக்கும் நடந்து வந்து, அப்புறம் பஸ் ஏறுறா. சாயங்காலம் முதல்ல பஸ்ஸுதானே? அதுக்கப்புறம்தானே நடை? பாதியாக்கினது முதல்ல, முப்பது கூட்டினது கடைசியில. திரும்பும்போது அந்தக் கடைசி முப்பதை முதல்ல எடுத்துடணும். அப்புறம்தான் இரட்டிக்கணும்."

எழுபத்து மூன்றில் முப்பது போனால் நாற்பத்து மூன்று. இரட்டித்தால் எண்பத்தாறு. முப்பதில் முப்பது போனால் பூஜ்யம். பானுவின் வெள்ளைப் பேப்பர், வெள்ளையாகவே வந்து நின்றது.

"இப்ப வந்திருக்கிற புதுக் கணக்குப் புத்தகத்துல, இப்படித் திரும்பிப் போறதுக்குன்னே நேர்மாறுச் சார்புன்னு பாடம் இருக்குது. கிடைச்ச விடையைப் பழைய விதியிலயே மறுபடி போட்டுப் பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்கும். நூத்துப் பதினாறுல பாதி ஐம்பத்தெட்டு, முப்பது கூட்டினா எண்பத்தெட்டு. லிஸ்ட்ல எழுபத்து மூணுதானே இருக்குது?" நோட்டைப் படாரென்று மூடினார். அழுகையா, கோபமா? இரண்டுமாகத்தான் இருக்க வேண்டும்.

"சரளா, நான்..." என்று ஆரம்பித்தேன்.

"நான் கிளாஸுக்குப் போகலாமா மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

எஸ்தரின் பேப்பர் திங்கட்கிழமை வந்தது. நான் கேட்காமலே கொண்டுவந்து நீட்டினாள். நாலாக மடித்து மடித்து, மடிப்பெல்லாம் சிமென்ட் தூசு. மேலே சிவப்பு மையில் எண்பத்தாறு. நான் ஒவ்வொரு விடையாகப் பார்க்கவில்லை. பார்க்கிற யோக்கியதை எனக்கு ஏது?

"அன்னிக்கே சொல்றதுக்கென்னம்மா?"

"அப்பா எடுத்துக்கினு போயிட்டாரு டீச்சர். வாலாஜாபாத்துல வேலை. அங்க மேஸ்திரி, கூட வேலை செய்றவங்க, எல்லார்கிட்டயும் காட்டினு இருந்தாராம். சனிக்கிழமதான் வந்தாரு." கொஞ்சம் நிறுத்தி, "சொன்னா சிரிப்பீங்கன்னு நெனச்சேன்," என்றாள்.

சிரிப்பதா? நான் செய்திருந்தது அதைவிட மோசம். எழுபத்து மூன்று எனக்கு எப்போது உறுத்தியது? கணக்குப் போட்ட பிறகா? பெயரைப் படித்தவுடனேயே உறுத்திவிட்டது. கணக்கு பிறகு வந்தது, அதுவும் நான் நினைத்ததைச் சொல்வதற்காகவே வந்தது. கட்டட வேலை செய்கிறவர் மகள் முதல் மார்க் வாங்குவாளா என்பதுதான் என் கேள்வி. அதை வெளியே கேட்கத் தைரியமில்லாமல், எண்களை விட்டுக் கேட்க வைத்தேன். பல பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு என்று நினைக்கிறேன்... ஆதாரம் தேடிப் புறப்படுகிறோம், தீர்ப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு!

செங்கற்பட்டுக்கு எஸ்தர்தான் போனாள். துணைக்கு என்னை அனுப்பினார் ஹெட்மிஸ்ட்ரஸ் — தண்டனையோ, கருணையோ. அவளுக்கு மூன்றாவது இடம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். "தெரியும் டீச்சர்," என்றாள். அவ்வளவுதான். கோகிலாவின் அம்மா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

சரளாவின் எக்ஸ்டென்ஷன் வந்துவிட்டது. அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க டீச்சர்," என்றார். ஆனால் இப்போதெல்லாம் எந்த டெஸ்ட் வைத்தாலும், மார்க் லிஸ்டோடு பேப்பர் கட்டையும் தூக்கிவந்து என் மேஜையில் வைக்கிறார். சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். நேற்று பார்க்காமலே கையெழுத்துப் போடப் போனேன்.

லிஸ்டில் கையெழுத்துப் போடுகிற இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னார்: "பாத்துட்டுப் போடுங்க டீச்சர்."