இடது பக்கக் கழுத்து

“…இடது பக்கக் கழுத்து இந்தத் தடவை வராதாம் மாப்ள, கம்பெனிக்காரன் எடுத்துட்டான், நான் என்ன பண்ணட்டும்?”

பெரிய கடை வீதிக்குப் பக்கத்தில், தன் இரும்புச் சாமான் கடையில் உட்கார்ந்து நண்பன் இப்படிச் சொன்னபோது, நான் அவன் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் என் பக்கம் வரவே இல்லை.

ஞாயிறுதோறும் ஜீயபுரத்தில் ஒரு வாழைத் தோட்டத்தை ஒட்டிய பொட்டலில் நாங்கள் பெயிண்ட்பால் ஆடுகிறோம். சாயக் குண்டால் அடித்துக்கொள்ளும் ஆட்டம். சுடுகிற கருவிக்குப் பெயர் மார்க்கர். “பஸ்ல வாய் தவறிக்கூடத் துப்பாக்கின்னு சொல்லிடாத, கண்டக்டர் நேரா ஸ்டேஷன்ல இறக்கி விட்ருவாரு” என்பதுதான் நண்பன் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். மற்றவர்கள் விசையை அழுத்த அழுத்தக் குண்டாய்ப் பொழிவார்கள். எங்கள் இரண்டு பேருடையது மட்டும் பம்ப் வகை. முன்கட்டையை ஒரு தடவை இழுத்துத் தள்ளினால் ஒரே ஒரு குண்டு. தோட்டக்காரர் ஒரு நாள் வேடிக்கை பார்த்துவிட்டு, “அவங்க தண்ணி பாய்ச்சுறாங்க, நீங்க ரெண்டு பேரும் நாத்து நடுறீங்க” என்றார். அதை நான் ஸ்ரீரங்கம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

புதிதாக ஒரு பம்ப் மார்க்கர் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்ததும் இருவருக்கும் தலை கால் புரியவில்லை. வேண்டியபடி தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். குழல் பன்னிரண்டு அங்குலமா, பதினாலா? கைப்பிடி மரமா, ரப்பரா? நாலு மாதம் டீக்கடையில் இதே பேச்சு. மரக் கைப்பிடி நான் சொன்னது, பதினாலு அங்குலம் அவன் சொன்னது. பம்ப் மார்க்கர் மட்டும் வைத்து இரண்டிரண்டு பேராக ஆடும் ஜோடி ஆட்டத்தில் ஒரே மாதிரி மார்க்கரோடு இறங்க வேண்டும் என்று ஆசை. ஒன்றில் மட்டும்தான் வித்தியாசம். நான் இடது கைக்காரன். குண்டுப் பெட்டி உட்காரும் கழுத்து எனக்கு இடது பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பெட்டி என் பார்வையை மறைத்துவிடும். இது அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

வெளியூரிலிருந்து சாமான் வரவழைத்துப் பழகியவன் என்பதால் ஆர்டர் போடுகிற வேலை அவனுடையது. போன வாரம், “கலர் ஓகேவா பாரு” என்று போனில் ஒரு படம் அனுப்பினான். கலர் இருக்கும் இடத்தை மட்டும் வெட்டி அனுப்பியிருக்கலாம். கடைக்காரப் பழக்கம், ஆர்டர் சீட்டு முழுவதையும் அனுப்பிவிட்டான். கலருக்குக் கீழே இரண்டு மார்க்கர், இரண்டுக்கும் கழுத்து வலது பக்கம்.

கை தவறியிருக்கும் என்றுதான் நினைத்தேன். கேட்டதற்குப் பதில் வரவில்லை. வீட்டில் கம்பெனியின் இணையப் பக்கத்தை நானே திறந்து பார்த்தேன். இடது பக்கக் கழுத்து முதல் வரிசையிலேயே இருந்தது.

அதனால்தான் அன்று கடைக்குப் போனேன். போனை அவன் முன்னால் வைத்தேன். “இந்தா இருக்கே மாப்ள.”

போல்ட்டுப் பெட்டியை மூடினான், திறந்தான்.

“என் மச்சினன் துபாய்லேர்ந்து மொத்தமா வந்துட்டான்ல. சும்மா உக்காந்து உக்காந்து ஒரு மாதிரி ஆயிட்டான். ஜோடிக்கு நான் வரேன்னு கேட்டான். வீட்ல மொகத்தப் பாத்துட்டு இல்லன்னா சொல்ல முடியும்?”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“நீ வருத்தப்படுவன்னுதான்…”

கேட்டிருந்தால் நானே விட்டுக்கொடுத்திருப்பேன் என்று இப்போது எழுதுவது சுலபம். விட்டிருக்க மாட்டேன். ஆனால் சண்டையாவது போட்டிருப்பேன். மரக் கைப்பிடி, கலர், நான் பொறுக்கியதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு என் கழுத்தை மட்டும் திருப்பிவிட்டான்.

மாடியிலிருந்து அவன் மனைவியின் தம்பி இறங்கி வந்தான். நல்ல பையன், ஆள் வாட்டசாட்டம். “வாங்கண்ணே, டீ சொல்லவா?” என்றான் என்னிடம். அவனுக்கு எதுவும் தெரியாது. பிறகு என் நண்பனிடம், “மச்சான், ஞாயித்துக்கெழம எனக்கு மொகமூடி?” என்றான். ஆடுகிறபோது நான் போடுகிற முகமூடி எப்போதும் அந்தக் கடை ஆணியில்தான் தொங்கும்.

நண்பன் என்னைப் பார்க்காமலே எழுந்தான். ஆணியிலிருந்து அதை எடுத்து, பின்பக்கப் பட்டையை இரண்டு விரற்கடை தளர்த்தினான்.