மாமா பொருத்திய டேப்

எங்கள் அம்பாசிடர் காரோடு கூடவே வந்த ரேடியோவைக் கழற்ற வேண்டும் என்று முதலில் சொன்னவர் மாமா என்றாலும், முழு ஆதரவு தந்தவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது. கல்கத்தாவில் லேக் கார்டன்ஸில் குடியிருந்தோம். லீவு போட்டுவிட்டு மதராஸிலிருந்து வந்த மாமா, வேட்டியில் சுற்றி ஒரு கேசட் பிளேயர் கொண்டுவந்திருந்தார். காருக்கென்றே செய்த வெளிநாட்டுச் சரக்கு. ரேடியோ கிடையாது, டேப் மட்டும்தான்.

"இது என்னத்துக்கு அத்தான், நாள் பூரா பெங்காலியிலயே பேசிக்கிட்டு? நம்ம பாட்டக் கேப்போம்" என்றார்.

அப்பாவுக்கு யாரிடமும் மாட்டேன் என்று சொல்ல வராது. மனைவியின் தம்பியிடமா சொல்வார்? "சரி மாப்ளே" என்றார், அரை மனசாக.

காரணம் இருந்தது. கால்பந்து ஆட்டம் நடக்கும் சாயங்காலங்களில் தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் மோடா என்கிற பிரம்பு முக்காலிகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் காரைச் சுற்றி வந்து உட்காருவார்கள். அப்பா நான்கு கதவுகளையும் திறந்துவிட்டு, ரேடியோ வர்ணனையை உரக்க வைப்பார். ஆட்டம் முடிகிறபோது கார் பேட்டரி செத்திருக்கும். அவர்களே காரைத் தள்ளிக் கிளப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆபீஸ் விட்டால் வீடு, தட்டுத்தடுமாறி நாலு வார்த்தை வங்காளம் என்றிருந்த அப்பாவுக்கு அந்தத் தெருவோடு இருந்த ஒரே ஒட்டுறவு அதுதான். அது போய்விடுமோ என்று பயந்தார்.

மாமா காரியத்தில் சூரர். பின்சீட்டுக்குப் பின்னால் இருந்த பலகையில் அம்மாவின் டபராவைக் கவிழ்த்து வட்டம் போட்டு, ரம்பத்தால் அறுத்து, இரண்டு ஸ்பீக்கர்களை உட்கார வைத்துவிட்டார். ரேடியோ அன்றைக்கே பழைய சாமான்காரனிடம் போயிற்று. நாதஸ்வரம் போட்டபோது கார் அதிர்ந்தது. பள்ளிக்கூடத்தில் என்னைப் பிடிக்க ஆளில்லை.

சனிக்கிழமை மோடாக்கள் வந்தன. அப்பா துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்துக்கொண்டு, "ரேடியோ இல்லை" என்று வங்காளத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னார். மாமா தைரியமாக நாதஸ்வரத்தை வைத்தார். மரியாதைக்காகத் தலையாட்டிக் கேட்டார்கள். ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு எதிர்வீட்டு மாஸ்டர் எழுந்து போனார். அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று.

கொஞ்ச நேரத்தில் மாஸ்டர் தம் வீட்டு டிரான்சிஸ்டரோடு திரும்பி வந்தார். அதை எங்கள் கார் பானெட்டின் மேல் வைத்து, திருகிச் சரிசெய்து, பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். பக்கத்து மோடாவைத் தட்டி, "பொஷுன் தாதா", உட்காருங்கள் அண்ணா என்று அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா உட்கார்ந்தார்.

எனக்கு ஒரே கோபம். வீட்டிலேயே இவ்வளவு நல்ல டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு இத்தனை நாளும் இந்த மனிதர் எங்கள் கரகரத்த பெட்டியைத் தேடி எதற்கு வந்தார்? பேட்டரிக் கட்டையை மிச்சம் பிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று ராத்திரி சாப்பாட்டின்போது தீர்மானமாகச் சொன்னேன். அப்பா சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.