பேரிகை சாலையில் ராகி காய்ந்த பாதை

ஓசூரிலிருந்து பேரிகை போகும் சாலையில் லாரிகளும் கம்பெனி பஸ்களும் பறக்கும். அதன் ஓரத்தில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை வரைந்தவள் வஜிஹா. என்னோடு பள்ளியில் படித்தவள், இப்போது சாலை வடிவமைக்கும் இன்ஜினியர். நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது அந்தச் சாலையில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தாள். லாரி கடக்கும்போது துப்பட்டா எவ்வளவு இழுபடுகிறதோ அதைப் பார்த்து, லாரிக்கும் பாதைக்கும் நடுவே வரும் தடுப்பின் அகலத்தை வரைபடத்தில் கூட்டுவாளாம்.

முதலில் சோதனைக்காகக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் பாதை போட்டார்கள். பொங்கல் முடிந்து நெடுஞ்சாலை அதிகாரி பார்க்க வருவார். அதில் சைக்கிள் ஓடாவிட்டால் பெயர்த்துவிடுவார்கள். ஷிஃப்டுக்குப் போகும் பெண்கள் ஓட்டத் தொடங்கினார்கள். அதற்குள் அறுப்பு வந்தது. எங்கள் பக்கம் கதிரைத் தார் ரோட்டில்தான் பரப்புவார்கள். லாரிகளையே நினைத்துக்கொண்டிருந்த வஜிஹா அதை மறந்துவிட்டாள். ஒரு காலையில் பாதை முழுக்க ராகி. சைக்கிள்கள் மறுபடி லாரிகளுக்கு நடுவில்.

"ஏ பெரியம்மா, உன் ராகில சறுக்கி வுழறதுக்கா எங்களுக்கு ரோடு போட்டாங்க?" என்று கத்தினாள் கம்பெனிக்குப் போகும் சுகுணா.

"எறங்கித் தள்ளிக்கினு போயேன், மகாராணி!" என்றார் ராகிக்காரர் சாந்தம்மா. "லாரி ஏறாத ரோடு இப்பத்தான் கெடச்சிருக்குது. அம்சமா காயுது."

போலீஸைக் கூப்பிடச் சொன்னார் வஜிஹாவின் மேனேஜர். அவள் கூப்பிடவில்லை. தடுப்பில் வைக்க இருந்த அரளிச் செடிகளை வரைபடத்திலிருந்து நீக்கினாள். அந்தப் பணத்தில் பாதைக்கு அப்பால், வயல் பக்கமாக, கதிர் காயப்போட ஒரு சிமென்ட் களம் கேட்டாள்.

"அதிகாரிக்குச் செடின்னா புடிக்கும்மா."

"செடி நல்லாருக்கும் சார். ஆனா பாதைல சைக்கிள் இருக்காது."

மேனேஜர் முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். சாந்தம்மாவோ களத்தில் தானே தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பார்த்த பிறகுதான் கதிரை மாற்றினார்.

அதிகாரி வந்தது ஷிஃப்டு மாறும் நேரம். பெண்கள் மணியடித்துக்கொண்டு கூட்டமாகப் போனார்கள். "செடி எங்கம்மா?" என்றார். வஜிஹா களத்தைக் காட்டினாள். களத்தில் ராகியையும் பாதையில் சைக்கிள்களையும் பார்த்தவர், பாதை இருக்கட்டும், பேரிகை வரைக்கும் வரைந்து கொடுங்கள் என்றார்.

அவர் ஜீப் ஏறியதும் வஜிஹா களத்துக்குப் போனாள். "பெரியம்மா, பேரிகை வரைக்கும் ரோட்டுல இன்னும் என்னென்ன காயப் போடுவீங்க?"

சாந்தம்மா சிரித்தார். "கொள்ளு, அவரை... இரும்மா, ஊட்டுக்கு ஒண்ணு இருக்குது. உக்காரு, சொல்றேன்."