பஞ்சர் கடைக்காரரின் இருபத்தொன்றாவது பிரிவு

கானாவின் கொஃபோரிடுவா பேருந்து நிலையத்தில் பஞ்சர் ஒட்டும் ஒஃபோசுஹெனேவுக்குச் சோறு போடுவது டயர்தான். ஆனால் உயிரெல்லாம் காலை ஏழு மணிக்கு ஊர் வானொலிக்குப் போன் போட்டு மாமன்றத்தைக் கிழிப்பதில் இருந்தது. மூன்று வருஷமாக ஒரே புகார், சந்தைக்குப் பின்னால் அடைத்துக் கிடக்கும் சாக்கடை.

ஒருமுறை வட்டார மாமன்ற உறுப்பினர் கடைக்கே வந்து, "இன்னொரு தடவை வாயைத் திறந்தே, கடை இருக்காது" என்று மிரட்டினார். மறுநாளே ஒஃபோசுஹெனே அரசியலமைப்புச் சட்டப் புத்தகத்தைக் கிரீஸ் கையோடு புரட்டி, இருபத்தொன்றாவது பிரிவை வானொலியில் கத்தி வாசித்தார். "எல்லாருக்கும் பேச உரிமை இருக்கு! எல்லாருக்கும்!" அதற்குப் பிறகு உறுப்பினர் கடைப்பக்கமே வரவில்லை. அந்தப் பக்கத்தில் கட்டைவிரல் கறை நிரந்தரமாகத் தங்கிவிட்டது. மனிதருக்குத் தலைக்கனமும்தான்.

வீட்டில் அடுப்படிக் கூரை ஒழுகியது. மனைவி அஃபுவா சோளமாவைப் புளிக்கவைத்துக் கென்கி உருண்டை அவித்து விற்பவள். மழை வந்தால் ஒரு கையில் குடை, மறு கையில் கரண்டி. தகரம் மாற்றச் சொன்னால், "முதல்ல ஊர்ப் பிரச்சினை" என்பார் ஒஃபோசுஹெனே.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் போன் போடுவதற்குள் வானொலியில் வேறொரு குரல் வந்தது.

"அலோ, கென்கி விக்கிற அஃபுவா பேசறேன் தம்பி. சாக்கடை சாக்கடைன்னு ஒருத்தர் கத்தறாரே, அவர் வீட்டு அடுப்படியிலயும் ஒண்ணு ஓடுது. நேத்து மழையில என் மாவுப் பானை மிதந்து வாசலுக்குப் போயிடுச்சு!"

பேருந்து நிலையமே சிரித்தது. ஒஃபோசுஹெனேவுக்குக் காது வரை சுட்டது. உடனே வானொலி எண்ணை அழுத்தினார்.

"ரேடியோவைக் குறைங்கண்ணே, கீச்சுங்குது" என்றான் நிகழ்ச்சி நடத்தும் அம்பாவ்.

"அவ லைனைக் கட் பண்ணுடா! இது குடும்ப விஷயம்!"

"கட் பண்ணச் சொல்றது நீங்களாண்ணே? அந்த இருபத்தொண்ணாவது பிரிவை எடுங்க. எல்லாருக்கும்னு போட்டிருக்கா, பொண்டாட்டி நீங்கலாகன்னு போட்டிருக்கா?"

உண்மையைச் சொன்னால், கறை படிந்த அந்தப் பக்கத்தில் அவர் தேடினார். அடுத்த பக்கத்தையும் புரட்டினார். எங்கேயும் இல்லை.

"போடலை" என்றார் மெதுவாக.

"அப்போ நாளைக்கு அவர் குறட்டையைப் பத்திப் பேசறேன் தம்பி" என்றாள் அஃபுவா, இன்னொரு லைனிலிருந்து. "அடுப்படி ஒழுகறது நின்னா வேணா விட்டுடறேன்."

இதற்குமேல் மானம் போக அவரிடம் மிச்சம் எதுவும் இல்லை. சாயங்காலமே தகரம் வாங்கினார். மறுநாள் விடிந்ததும் கூரை மேல் ஏறிவிட்டார். அஃபுவா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அவர் போன் அவள் இடுப்பில் இருந்தது.

ஏழு மணிக்கு அது அடித்தது. "எங்கே அண்ணனைக் காணோம்? ஊரே காத்திருக்கு" என்றான் அம்பாவ்.

அஃபுவா அண்ணாந்து பார்த்தாள். புருஷனின் பல்லிடுக்கில் ஆறு ஆணி. ஒரு கை தகரத்தை அமுக்கியிருந்தது, மறு கையில் சுத்தியல். "ம்ம்! ம்ம்ம்!" என்று அவர் தவித்தார். உறுப்பினர் மிரட்டியும் மூடாத வாய்.

"அவர் வாய் நிறைய ஆணி தம்பி, இன்னைக்குப் பேச முடியாது" என்றாள் அவள். ஏணியைக் காலால் அண்டை கொடுத்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஆனா அந்தச் சாக்கடை இன்னும் அடைச்சுக்கிட்டுதான் கிடக்கு. அதைப் பத்தி நான் சொல்றேன், கேளுங்க."