முசுமுசுக்கைத் தோசை

எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் படர்ந்த முசுமுசுக்கையை யாரும் நட்டு வைக்கவில்லை. முத்தையாபுரத்து உப்புக்காற்றில் நான் ஆசையாக வைத்த மல்லிகை கருகிப் போனது. இது மட்டும் கேட்பாரில்லாமல் ஏறியது. சுரைக்கும் பாகலுக்கும் பங்காளிதான், ஆனால் பகட்டு கிடையாது. சுண்டுவிரல் நகத்தளவு மஞ்சள் பூ, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய சிவப்புப் பழம், கையைப் பிராண்டுகிற சுணை இலை.

என் கணவர் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிற இடத்தில் வேலை பார்த்தவர். ரிட்டயராகி வீட்டுக்கு வந்தபோது இருமலும் கூடவே வந்தது. டாக்டர் மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும், இருமலுக்கு முசுமுசுக்கையை விட்டால் மருந்தில்லை என்பது என் கட்சி. தினமும் காலையில் இலை பறித்து, ஊறவைத்த பச்சரிசியோடு அரைத்து அவருக்குத் தோசை ஊற்றுவேன். எனக்கு இட்லி. அவரைப் பிழைக்க வைக்க என் கையில் இருந்தது அது ஒன்றுதான்.

"எப்படி இருக்கு?" என்பேன்.

"நல்லாத்தான் இருக்கு. இன்னொண்ணு போடு."

அன்றைக்கெல்லாம் எனக்குத் தரையில் கால் பாவாது.

தை மாதம் போய்விட்டார்.

ஆடி அமாவாசைக்கு மகள் சென்னையிலிருந்து வந்தாள். போனவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைக்க வேண்டுமே. சோறு, பருப்பு, உளுந்தவடை, பாயசம் எல்லாம் ஆயிற்று. வெயிலில் வாடிக் கிடந்த கொடியில் தேடித் தேடி இலை பறித்து, அந்தத் தோசையும் சுட்டேன். மொட்டைமாடிச் சுவரில் இலையை வைத்துக் காக்கையைக் கூப்பிட்டோம். வந்தது. வடையைக் கொத்தியது, சோற்றைக் கிளறியது. தோசையை ஒரு தடவை அலகால் புரட்டிக் கீழே தள்ளிவிட்டுப் பறந்தது.

மகள் குபீரென்று சிரித்துவிட்டாள். சிரித்த வாயோடு அழுதாள்.

"அப்பாவுக்கு அது பிடிக்கவே பிடிக்காதும்மா. பச்ச வாடை கொமட்டுதுன்னு எங்கிட்ட போன்ல சொல்லுவாவ. ஒங்கம்மைட்ட சொல்லிராத, அவ பாவம், நம்பிக்கிட்டு இருக்கான்னுவாவ."

எனக்கு வந்த கோபத்துக்கு, அவர் எதிரே இருந்திருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன். குனிந்து தோசையை எடுத்து, மண்ணைத் தட்டிவிட்டு ஒரு வாய் வைத்தேன். முதல் தடவையாக. விழுங்க முடியவில்லை.

இதையா மனுஷன் இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றார்?