கை நனைக்காமல் வந்த ஊர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது அப்பா என்னை அழைத்துப் போனதே அதற்காகத்தான். அவருக்கு யாரிடமும் எதையும் துருவிக் கேட்க வராது. அது தை மாதம். தங்கைக்கு ஜாதகம் பொருந்திவிட்டது, அவர்கள் ஸ்ரீரங்கம் வந்து பெண்ணையும் பார்த்துவிட்டார்கள். இனி நாங்கள் போய் வீட்டைப் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

முசிறி பஸ்ஸில் ஏறி வழியில் ஓர் ஊரில் இறங்கினோம். ஊரா அது, காலண்டரில் மாட்டலாம். வெயில் ஏறியும் பனி விலகவில்லை. வாழைத்தோப்புக்கு நடுவே மண்பாதை, அதன் முடிவில் சத்தமே இல்லாமல் காவிரி. போட்டோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். "இங்கயே இருந்துடலாம் போல இருக்குக்கா" என்று பதில் வந்தது.

டீக்கடையில் அப்பா அந்த வீட்டைப் பற்றிக் கேட்டார். "நல்ல குடும்பங்க" என்றார் கடைக்காரர்.

"பையன் எப்படிங்க?" என்றேன் நான்.

"நல்ல குடும்பங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களும் சொல்லிவைத்தாற்போல அதையே சொன்னார்கள். அதில் ஒருத்தி, "பொண்ணு நீங்களா?" என்றாள். தங்கை என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுக்க, பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்தாள். கல்யாணத்தைக் கலைத்த பாவம் நமக்கு எதற்கு என்று ஊரே வாயைக் கட்டிக்கொண்டிருந்தது. அப்பாவோ, "ஊர்ல ஒருத்தர் கூடக் குறை சொல்லலை பாரு" என்று சந்தோஷமாக நடந்தார்.

வீட்டின் பின்பக்கம்தான் ஆறு. மாப்பிள்ளையின் அம்மா வாய் நிறைய வரவேற்றார். மூத்த மகன் வெளிநாட்டில் இருக்கிறாராம், அவர் மனைவிதான் காபி கொண்டுவந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கொல்லைக் கதவில் பெரிய பூட்டு தொங்கியது.

"ஆத்தைப் பார்க்கலாம்னு நெனச்சேன். பகல்லயே பூட்டி வச்சிருக்கீங்களே?" என்று அந்தப் பெண்ணிடம்தான் கேட்டேன். அவள் மாமியாரைப் பார்த்தாள்.

"இவ ஒரு தடவை சொல்லாமக் கொள்ளாம ஆத்துல எறங்கிட்டாம்மா. அதுலேருந்து சாவி என்கிட்டதான்" என்று அவர் சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்போதுதான் மாப்பிள்ளை உள்ளே வந்தார். வாசலில் படுத்திருந்த நாய் அவரைக் கண்டதும் எழுந்து தெருவுக்குப் போய்விட்டது.

"சாப்பாடு ரெடியா இருக்கு. கை நனைச்சிட்டுதான் போகணும்" என்றார் அந்த அம்மா. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் காபி குடிக்கலாம், சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்பா என் முகத்தைக்கூடப் பார்க்காமல் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார். உதவி செய்கிற சாக்கில் அடுக்களைக்குள் போனேன்.

அந்தப் பெண் தலை நிமிராமல் கேட்டாள். "கூடப் பொறந்த தங்கச்சியாக்கா?"

"ஆமா."

"சாப்பிட்டுடுவீங்களா?"

"அப்பா உட்கார்ந்துட்டாரேம்மா" என்றேன். வாசற்படியில் மாமியார் வந்து நின்றதும் அவள் சாம்பார்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

இலையில் சோறு விழுந்திருந்தது. அப்பா கையை நீட்டப் போன நேரம், அவள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பாத்திரத்தை விட்டுவிட்டாள். கை தவறவில்லை, விரல்களைப் பிரித்து விட்டாள், என் கண்ணால் பார்த்தேன். இலை, சோறு, தரை எல்லாம் சாம்பார். கொதிக்கக் கொதிக்க அவள் பாதத்திலும் கொட்டியது. அவள் காலை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை.

யாரும் திட்டவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அண்ணி, உள்ள போங்க. அப்பறம் பேசிக்கலாம்" என்று மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். அந்தக் குரலைக் கேட்ட பிறகு எனக்கு விசாரிக்க ஒன்றும் மிச்சமில்லை.

"நல்ல காரியத்துல சகுனம் சரியில்லைங்க. இன்னொரு நாள் பார்ப்போம்" என்று அப்பாவின் தோளைப் பிடித்து எழுப்பினேன். சகுனம் என்றதும் அந்த அம்மாவால் மறுத்துப் பேச முடியவில்லை. நாங்கள் படியிறங்குவதற்குள் கதவைச் சாத்தி, உள்ளே தாழ் போடுகிற சத்தம் கேட்டது.

பஸ்ஸில், கண்ணால் பார்த்ததை அப்பாவிடம் சொன்னேன். அவள் வேண்டுமென்றே கொட்டினாள் என்றதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. தங்கைக்குப் போன் போட்டு, "வேண்டாம்மா, வேற பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மலைக்கோட்டை தெரிந்ததும் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தப் பொண்ணுக்கும் ஒரு அப்பா இருப்பாரு இல்ல? நல்லா சாப்பிட்டுத்தானே போயிருப்பாரு?"